ஒரு விரக்கடை தூரம்

பேசாதீங்க மாப்ள, பேசாதீங்க. தாடையில கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்காங்க, நீங்க பாட்டுக்கு வாயைத் திறக்கப் பாக்குறீங்களே! ஆறு வாரத்துக்கு எல்லாமே ஸ்ட்ரா வழியாத்தான்னு டாக்டர் சொல்லலையா? சொல்றதை இந்த நோட்டுல எழுதுங்க. தங்கச்சியா? கீழ மருந்து வாங்க அனுப்பியிருக்கேன். நல்ல கூட்டம், இப்போதைக்கு வரமாட்டா.

வலிக்குதா? வலிக்கட்டுமே. மனுஷனை அவனுக்கே காட்டிக் குடுக்குறது வலிதான்னு கிளாஸ்ல எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நீங்க எங்க கேட்டீங்க. தொப்பை குறையுமான்னு கேட்டுக்கிட்டே வந்து சேர்ந்த ஆளாச்சே.

கராத்தேன்னா அடிக்கிறதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான் ஒவ்வொருத்தனும். மண்ணாங்கட்டி! நிறுத்துறதுதான் கராத்தே. குத்து முழு வேகத்துல போகணும், மூஞ்சிக்கு ஒரு விரக்கடை முன்னாடி டக்குன்னு நிக்கணும். எதிர்ல இருக்குறவன் கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, கண்ணு சிமிட்டாம நிக்கணும். அவன் என்னை நம்புறான், நான் என்னை அடக்குறேன். இருபத்திரண்டு வருஷம் மாப்ள, ஒருத்தன் மேல ஒரு கீறல் கிடையாது. ஆபீஸ்லயும் அதே கதைதான். என்னைவிடப் பத்து வயசு சின்னவன், அத்தனை பேர் பாக்க ஃபைலைத் தூக்கி என் மேசையில வீசுறான். சரிங்க சார்ங்கிறேன். வீட்டுல பொண்டாட்டி கத்துறா, சரிம்மாங்கிறேன். எவ்வளவு பொறுமைசாலின்னு ஊரே மெச்சுது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை கராத்தே சங்கத்துல என்னை விசாரிக்கிறாங்க. தப்பு மாஸ்டரோடதுன்னு ஆயிடுச்சுன்னா கருப்பு பெல்ட்டைப் பிடுங்கிக்கிட்டு, கிளாஸையும் இழுத்து மூடிருவாங்க. அதான் நீங்க சொல்ற மாதிரி நானே ஒரு கடிதம் எழுதிக் கொண்டாந்துட்டேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம். குத்து வந்தப்போ அவசரப்பட்டு நான்தான் முன்னாடி சாஞ்சுட்டேன், மாஸ்டர் மேல ஒரு தப்பும் இல்லன்னு இருக்கு. கீழ ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

என்ன எழுதுறீங்க? அசையவே இல்லையா? அட, அசைஞ்சீங்க மாப்ள! அசைஞ்சவனுக்கு அது எங்க தெரியும்? ஆறு மாசமா வர்ற ஆள் நீங்க. இருபத்திரண்டு வருஷம் பழகின கை இது. எது தப்புப் பண்ணியிருக்கும், நீங்களே சொல்லுங்க. அதுவும் உங்க அவசரம் குடும்பத்துக்கே தெரியும். தாலி கட்டும்போதே அவசரத்துல என் தங்கச்சி கழுத்தைக் கீறினவர்தானே?

அட, எதுக்கு இப்ப கண் கலங்குறீங்க? மன்னிப்பெல்லாம் எழுதாதீங்க, நமக்குள்ள என்ன மன்னிப்பு. சாஞ்சது சாஞ்சாச்சு, விடுங்க. இங்க போடுங்க. தேதியும். ம், இனிஷியல் விட்டுப்போச்சு பாருங்க. அப்படிப் போடு!

பேனாவையும் நோட்டையும் குடுங்க, நான் வச்சுக்கிறேன்.

ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட. நீங்க மயிரிழை கூட அசையலை. நான் பாத்த ஆளுங்கள்லயே அப்படிச் சிலை மாதிரி நின்னது நீங்க ஒருத்தர்தான், நிஜமாவே பெருமையா இருந்துச்சு. எனக்கு வருஷக்கணக்கா ஒரே குடைச்சல். ஒவ்வொரு தடவையும் நிறுத்துறேனே, நல்லவன்னு நிறுத்துறேனா, இல்ல வெறும் பயந்தாங்கொள்ளியா? கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு கேட்டுப் பாத்தாச்சு. அன்னிக்குக் கை பாதி வழி போயிருக்கும், உங்க கண்ணைப் பாத்தேன். அவ்வளவு நம்பிக்கை அதுல. நிறுத்த நேரம் தாராளமா இருந்துச்சு மாப்ள. நிறுத்தல. எலும்பு உடையுற சத்தம் கேட்டப்போ, அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

ஏன் உங்களையா? வெளியாளா இருந்தா போலீசுக்குப் போயிருப்பான். நீங்க வீட்டு மனுஷர்.

தங்கச்சிகிட்ட சொல்லணும்னா தாராளமா எழுதிக் காட்டுங்க. அண்ணனைப் பத்தி அவளுக்குத் தெரியாதா என்ன? அதுவும் இந்தக் காயிதத்துல உங்க கையெழுத்தையும் பாத்துட்டா, மருந்து மயக்கத்துல உளர்றீங்கன்னுதான் நினைப்பா.

லிஃப்ட் வந்து நிக்குற சத்தம், அவதான். கண்ணைத் துடைச்சுக்குங்க மாப்ள, ஜூஸைப் பிடிக்கிறேன், உறிஞ்சுங்க.