முசே தைரியநாதனின் தேற்றம்

எண்பத்து மூன்று நாளில் ஒரு நாள்கூட நான் தாமதமாக வந்ததில்லை, கிளேர் அக்கா. மழையிலும் உப்பளம் பகுதியில் உள்ள என் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்துவிடுவேன்.

நீங்கள் இருக்கும் லியோனுக்கு எடுத்த டிக்கெட்டை உங்கள் அப்பா ஏன் ரத்து செய்தார் என்று நேற்று கல்லறையில் கேட்டீர்கள். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பிரான்சில் பேராசிரியராக இருந்தபோது அவருக்குப் பரிசும் பதக்கமும் வாங்கித் தந்த தேற்றத்தில் சிறிய இடைவெளி ஒன்று இருந்தது. அதை அடைத்துவிட்டு உங்களிடம் வந்துவிட நினைத்தார். பார்வை போன பிறகு எல்லாவற்றையும் மனத்திலேயே செய்தார். கடைசியில் அது அறுநூற்றுப் பன்னிரண்டு வகைகளாகச் சுருங்கியது. ஒவ்வொன்றையும் கணினியில் ஓட்டி, விடையை வாய்விட்டுச் சொல்வது என் வேலை. எம்.எஸ்ஸி. கணிதம் முடித்து வீட்டில் கிடந்தவளை இதற்காகத்தான் அழைத்தார். நான் "சரி" என்றால் "அடுத்தது" என்பார். திரும்பக் கேட்கமாட்டார்.

சமையலுக்கு வரும் அங்கம்மாளும் என்னைப் போலவே அவரை ஐயா என்னாமல் முசே என்பார்; எங்களைப் பார்த்துச் சிரிப்பார். "முசேக்குக் கண்ணு தெரியல, இந்தப் பொண்ணுக்கு வாயி தெறக்கல. நல்லா சேந்தீங்க போ."

"அவ பேசாத வரைக்கும்தான் கணக்கு ஓடும். நீ மீனப் பாரு, கருகுது" என்பார் முசே.

என் வார்த்தைக்காக ஒருவர் காத்திருந்தது அந்த அறையில் மட்டும்தான்.

ஐந்நூறைத் தாண்டியதும் உங்களைப் போனில் கூப்பிட்டு டிக்கெட் போடச் சொன்னார். "இன்னும் ரெண்டு நாள்தான் இஷ்ரத். அப்புறம் ஒனக்கு விடுதலை" என்றார்.

மறுநாள் ஐந்நூற்று நான்காவது வகை.

"இது நிக்கல, முசே."

முதல் முறையாக, "இன்னொரு தடவ ஓட்டு" என்றார். ஓட்டினேன்.

"நிக்கல."

ஒரு வகை தவறினால் தேற்றமே தவறு. உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டார். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் காலை முதலிலிருந்து தொடங்கினோம். அன்று நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்றால் கோபிக்காதீர்கள். லியோனில் நீங்கள் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் தனியாக இருந்திருப்பார். இங்கே அவருக்கு வேலை இருந்தது. நானும் இருந்தேன்.

பிறகு அவர் தூக்கத்தை விட்டார். அப்புறம் சாப்பாட்டையும். நிறைந்த தட்டைத் திரும்ப எடுத்துப்போன அங்கம்மாள், "நீயாச்சும் சொல்லும்மா, ஒஞ் சொல்லத்தான் கேக்கறாரு" என்றார். "சாப்பிடுங்க முசே" என்றேன். அவரைச் சாப்பிட வைக்க என்னிடம் வேறொரு சொல் இருந்தது. அதைச் சொன்னால் அவர் விமானம் ஏறிவிடுவார்.

இறப்பதற்கு முந்தின நாள் மாலை என்னை அருகில் கூப்பிட்டார். "அந்தப் பதக்கத்தத் திருப்பி அனுப்பிடச் சொல்லு கிளேர்கிட்ட. எனக்கு உரியது இல்ல" என்றார். தடவித் தேடி என் தலையில் கை வைத்தார். "நீ இல்லன்னா அந்தத் தப்பு தெரியாமலே போயிருப்பேன்."

அதை அனுப்ப வேண்டாம், அக்கா. மீதி வகைகளை, ஐந்நூற்று நான்கு நிற்கவில்லை என்று சொன்ன அன்றே, அவர் தூங்கும்போது ஓட்டிப் பார்த்துவிட்டேன். அறுநூற்றுப் பன்னிரண்டும் சரியாக வந்தன. நான் சொன்னதுதான் பொய்.