பூந்தி என்றால் துளி

தலைமை ஏற்றிருக்கும் சமையல் தொழிலாளர் சங்கத் தலைவர் ரங்கசாமி அண்ணன் அவர்களே! பிரியாணி அண்டாவின் பெருந்தளபதி, செயலாளர் பஷீர் அகமது பாய் அவர்களே! அடுப்படியில் ஆயுளைத் தேய்த்த பெரியோர்களே! லால்குடியிலிருந்தும் உப்பிலியபுரத்திலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் தாய்மார்களே! ஊர் உண்டு முடித்தபின் உண்ணும் என் உறவுகளே! அனைவருக்கும் இந்தப் பிச்சமுத்துவின் களைத்த வணக்கம்.

மன்னியுங்கள், உட்கார்ந்துகொண்டுதான் பேசுகிறேன். நேற்றும் இன்றும் திருவரங்கத்தில் இரண்டு கல்யாணம். முழங்கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"தீர்மானத்தை ஓட்டுக்கு விடுறதுக்கு முன்னாடி, பூந்திங்கிற பேரைப் பத்திக் கலகலப்பா ஏதாவது பேசுங்க" என்றார் தலைவர். பேசுகிறேன். வடக்கே துளியைப் 'பூந்த்' என்பார்கள். அங்கிருந்து வந்த பெயர் இது. மாவு துளித்துளியாய் விழுவதால் பூந்தி. அவ்வளவுதான் கதை.

யாரது பின்னால்? "ஓட்டைக் கரண்டியில ஊத்தினா தானா உருண்டையா விழுதுங்க" என்கிறீர்களா? தானாகவா விழும்? மாவு தளர்ந்தால் தட்டை! இறுகினால் வால்! தட்டும் கை தடுமாறினால் எல்லாம் ஒட்டிக் கட்டி! உருண்டையைத் தருவது ஓட்டையா? இல்லை, ஓயாமல் ஒரே சீராய்த் தட்டும் கை! அந்தக் கையைத் தாங்குவது எது? ஏழு மணி நேரம் நிற்கும் கால்!

போன தை மாதம் ஒரு மண்டபம். எடமலைப்பட்டி புதூர் வேணி என்னோடு பூந்தி தேய்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஈடு எடுத்ததும், காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தார். மண்டப மேனேஜர் எட்டிப் பார்த்தார்: "வேலைக்கு வந்தீங்களா, உக்கார வந்தீங்களா?"

"கால் கடுக்குதுண்ணே, ரெண்டே நிமிஷம்" என்று வேணி என்னைப் பார்த்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அடுத்த கல்யாண ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில், "எந்திரிம்மா, அவர் பார்க்குறாரு" என்றேன். எழுந்தார். தலை சுற்றியது. கரண்டி கொதிக்கும் எண்ணெயில் விழுந்தது. தெறித்த எண்ணெய் அவர் முழங்கையில் விழுந்தது, சின்னச் சின்னத் துளியாய், உருண்டை உருண்டையாய். அந்தத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. மேனேஜரைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் வேணியை எழுப்பியது என் வாய்.

அடுப்புக்கு ஒரு முக்காலி. தராத மண்டபத்தில் வேலை இல்லை. இதுதான் இன்றைய தீர்மானம். "ஆர்டர் போயிருமேண்ணே" என்று முணுமுணுக்கிறீர்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. பயந்து பயந்து அலுத்துவிட்டது, ஐயா! எத்தனை கல்யாணத்துக்கு இனித்தோம்! எத்தனை பந்திக்கு இலை நிறைத்தோம்! உட்கார ஒரு பலகை கேட்பதும் குற்றமா?

இதோ, முதல் கை என்னுடையது.

வேணி, ஓரமா நிக்காதீங்க, மேலே வாங்க. இந்த நாற்காலியில உக்காருங்க. யாரும் உங்களை எழுப்ப மாட்டாங்க, நானும்தான்.

இத்தனை நேரம் என் புலம்பலைப் பொறுத்த உங்களுக்கு நன்றி. கை தூக்குகிறவர்கள் உட்கார்ந்தபடியே தூக்குங்கள். நான் நின்றுகொண்டு எண்ணுகிறேன். வணக்கம்.