சுக்கு குரல் கொடுத்த இடம்

நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓடி வந்து காலை நக்குகிற குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிறகு அது வேலைக்கு ஆகவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். வேட்டைக்குக் குட்டி எடுக்க ஒரு முறை இருக்கிறது. நாற்பதாம் நாள் தாயிடமிருந்து பிரித்து, பழகாத இடத்தில் தனியே விட வேண்டும். அதன் பின்னால் ஒரு தகர மூடியைக் கீழே போட வேண்டும். அலறிக்கொண்டு ஓடுகிற குட்டி வேண்டாம். திடுக்கிட்டு நின்று, பிறகு அந்த மூடியை மோந்து பார்க்க வருகிற குட்டி போதும்.

என் பெயர் நல்லசிவம். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். இருபத்திரண்டு வருடமாக மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மலைச்சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். மிளகு மூட்டையை அவிழ்க்காமலே, மோந்து பார்த்து, ஈரம் ஏறிய சரக்கா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இதை நான் தமிழில்தான் எழுதித் தர முடியும். மலையாளம் பேசுவேன், எழுத வராது. ஸ்டேஷனில் இதை மாற்றி எழுதப்போகிறவர் யாராக இருந்தாலும், நாயைப் பற்றிய இடங்களில் அவசரப்படாமல் எழுத வேண்டும். இந்த வாக்குமூலமே அதற்காகத்தான்.

எண்பத்தொன்றாம் வருடம் அக்டோபரில், அடிமாலிக்கு மேலே அவிராச்சன் முதலாளியின் ஏலத்தோட்டத்தில், என் தங்கை பேச்சியின் புருஷன் செல்லதுரை துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்தான். சுட்டது அவிராச்சன். போன மாதம் கோர்ட்டில் அவருக்கு இரண்டு வருடம் போட்டார்கள். தீர்ப்பில், சரியாகப் பழக்கப்படாத ஒரு நாட்டுநாய் மனிதனை மான் என்று எண்ணிக் குரைத்ததால் நேர்ந்த விபத்து என்று எழுதியிருக்கிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டேன். அது பொய். அந்த நாய் எதையும் தவறாக எண்ணவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். கிடங்கில் எலித்தொல்லை. கோட்டைப் பக்கம் இருந்த ஒரு வெள்ளைக்கார ஏஜெண்ட் கப்பல் ஏறிப் போனபோது நீளமுதுகும் குட்டைக்காலுமாக ஒரு பெட்டை நாயை விட்டுப்போனார். அதை உள்ளூர் நாயோடு சேர்த்து நான் ஒரு வம்சம் எடுத்தேன். மூட்டைகளின் இடுக்கில் நுழையும், சத்தம் போடாது, பிடித்ததை விடாது. ஏலம் இறக்க வந்த அவிராச்சன் எழுபத்தேழில் இவற்றைப் பார்த்து, மான் வேட்டைக்கு என்னையும் நாய்களையும் மலைக்குக் கூப்பிட்டார். வேட்டைத் தடைச் சட்டம் வந்த பிறகு அவர் பக்கத்தில் மான் பெருகிவிட்டது. மிளா என்கிற பெரிய மான் கூட்டமாக இறங்கி ஏலத்தண்டையும் கப்பைக் கிழங்குத் தோட்டத்தையும் மேய்ந்துவிட்டுப் போகும். வனத்துறைக்கு மனு எழுதினால், வேலி போடு என்று பதில் வரும். மலையை எப்படி வேலி போடுவது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இதற்குப் பெரிய நாய் உதவாது. பெரிய நாயைக் கண்டால் மான் மூன்று மலை தாண்டி ஓடிவிடும். குட்டைநாயை அது மதிக்காது. நின்று பார்க்கும், முன்காலால் தரையை உதைக்கும், நகராது. அதனால் என் நாய்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். வழியில் குரைக்கக் கூடாது. மான் நிற்கும் இடம் சேர்ந்ததும் தானும் நின்று விடாமல் குரைக்க வேண்டும். அதைத்தான் குரல் கொடுப்பது என்போம். குரல் வந்த புதருக்குள், நாயின் தலைக்கு இரண்டு முழம் மேலே குறி வைத்தால், கண்ணால் பார்க்காமலே மானின் நெஞ்சில் அடிக்கலாம். அவிராச்சன் அப்படித்தான் சுடுவார். மூன்று வருடத்தில் என் நாய் குரல் கொடுத்த இடத்தில் மான் இல்லாமல் இருந்ததே இல்லை.

பழக்குவதற்கு மான்தோல் ஒரு துண்டு போதும். எதிரே துறைமுகத் தீவான ஐலண்டில் ரயில் பாதையை ஒட்டிய புல்வெளியில் விடியற்காலை அதைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போவேன். முடிகிற இடத்தில் இடுப்பு உயரத்தில் தொங்கவிடுவேன். நாய் வாசம் பிடித்து வந்து, அதன் கீழே நின்று குரல் கொடுத்தால் ஈரல் கிடைக்கும். என் கையிலிருந்து மட்டும் கிடைக்கும். வேறு யாரும் தீனி வைக்கக் கூடாது. பலர் கையில் தின்கிற நாய் யாருக்கும் வேலை செய்யாது.

செல்லதுரை இந்த ஒரு விதியைக்கூட மதிக்கவில்லை.

எழுபத்தாறில் அவனை ஊரிலிருந்து கூட்டிவந்து கிடங்கில் சுமையேற்றும் வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான். என் தங்கையைக் கொடுத்தவனும் நான். நல்ல உழைப்பாளி, அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் சிரிப்பான். சாயாக்கடையில் சிரிப்பான், மூட்டை காலில் விழுந்தாலும் சிரிப்பான். நாய்கள் அவனைக் கண்டால் வாலை ஆட்டும். என்னைக் கண்டால் உட்காரும். உட்காருவதுதான் மரியாதை, அதை நான் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

எழுபத்தெட்டில் ஒரு ஈற்று. ஆறு குட்டி. இரண்டை எடுத்தேன். தேறாத குட்டிகளைச் சாக்கில் போட்டு, எடைக்கல் ஒன்றை வைத்துக் கட்டி, கிடங்கின் பின்வாசலில் உள்ள காயல் தண்ணீரில் விடுவது என் வழக்கம். அன்றைக்குச் சரக்கு வந்திருந்ததால் சாக்கைச் செல்லதுரையிடம் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, கூலிக்காரர்கள் துணி மாற்றுகிற கொட்டகையில் பழைய சாக்குகளுக்குப் பின்னால் ஒரு குட்டி இருப்பதைக் கண்டேன். நான் கழித்த நாலில் ஆகக் கடைசி அது. முன்னங்கால் ஒன்று உள்பக்கம் வளைந்திருந்தது. தகர மூடி விழுந்ததும் மூத்திரம் பெய்துவிட்டு மல்லாந்து படுத்தது அதுதான். மற்ற மூன்றையும் போட்டுவிட்டு இதை மட்டும் மடியில் கட்டி எடுத்துப் போயிருக்கிறான். கருவாடு கொடுத்து வளர்த்திருக்கிறான். சுக்கு என்று பெயர் வேறு. ஏன் என்று கேட்டேன்.

"கண்ணு முழிச்சு என்னையப் பாத்துச்சு மச்சான். பெறவு எப்படிப் போட?"

நான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே காயலில் போட்டிருப்பேன். வைத்துக்கொள் என்றேன். எத்தனை நாளைக்குத் தாங்கும் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

தாங்கியது. அதோடு நிற்கவில்லை. நான் மற்ற நாய்களைப் பழக்குவதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, அவனும் ஒரு பழைய தோல் துண்டை வைத்துச் சுக்கோடு விளையாடியிருக்கிறான். அவனுக்கு அது விளையாட்டு. எண்பதில் ஏல லாரியில் அதையும் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்தான். மழைக்குப் பிந்திய ஈரத்தில், என் நாய்கள் இரண்டும் ஓடைக்கரையில் வாசம் தவறி நின்றபோது, வளைந்த காலை இழுத்துக்கொண்டு சுக்கு மட்டும் அக்கரைக்குப் போய்க் குரல் கொடுத்தது. பெரிய கிடா மிளா. கூலிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் நிற்கும்போது அவிராச்சன் என் தோளைத் தட்டினார்.

"நல்லசிவா, இனி நீ வேண்டாம்னு தள்ளுற குட்டியை எனக்குத் தா. நீ எடுக்கிறதை நீயே வச்சோ."

எல்லோரும் சிரித்தார்கள். செல்லதுரையும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, மச்சான் வம்சம்தானே முதலாளி, வேற எங்கேருந்து வரும் என்று எனக்காகப் பேசினான். எனக்கு யாரும் பரிந்து பேச வேண்டிய நிலை அதுவரை வந்ததில்லை. அந்தச் சிரிப்பை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் வந்தது. அந்த நாய்க்கு நிஜமாகவே மூக்கு இருக்கிறதா, இல்லை ஒரு நாள் அதிர்ஷ்டமா? தெரிந்துகொள்ள ஒரே வழி, நானே அதைப் பழக்கிப் பார்ப்பது.

மூட்டை தூக்குகிறவர்கள் தலைக்கு ஒரு துண்டு கட்டுவார்கள். செல்லதுரையின் துண்டு சிவப்புக் கட்டம் போட்டது. வியர்வையும் மிளகுத்தூளும் ஏறி விறைத்துக் கிடக்கும். எண்பத்தொன்றாம் வருடம் ஆகஸ்டில் அதை எடுத்துக்கொண்டேன். பேச்சி இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடினாள். பிறகு அவனுக்குப் புதுத் துண்டு வாங்கிக் கொடுத்தாள்.

அவன் லோடு ஏற்றக் கலூருக்குப் போகிற நாட்களில் சுக்கை நான் ஐலண்டுக்குக் கூட்டிப்போனேன். மான்தோலுக்குப் பதில் துண்டை இழுத்தேன். மற்ற நாய்களுக்கு இருபது நாள் பிடிக்கிற வேலையை அது முதல் நாளே செய்தது. நான் துண்டைச் சுமைதாங்கிக் கல்லுக்குப் பின்னால் ஒளித்தேன், மரத்தில் கட்டினேன், பழைய ரயில் பெட்டிக்குள் போட்டேன். எங்கே வைத்தாலும் நேராகப் போய் நின்று குரல் கொடுத்தது. ஈரல் போட்டால்கூடத் திரும்பிப் பார்க்காமல் துண்டையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு கவனத்தை நான் வேறு நாயிடம் கண்டதில்லை. நான் பழக்கியதில் அதுதான் உச்சம் என்று சொல்வேன்.

அவிராச்சனின் தோட்டத்தில் ஓடைக்கு மேற்கே ஈத்தைக் காடு. மூங்கில் மாதிரி நெருங்கி வளர்வது, நாலடிக்கு அப்பால் ஆள் தெரியாது. உள்ளே ஒரு பாறை இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் மனிதனின் நெஞ்சு, நாயின் தலைக்கு இரண்டு முழம் மேலே வரும். செப்டம்பரில் நான் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

அக்டோபர் பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி இருக்கும். செல்லதுரையிடம், முதலாளி கிழக்குச் சரிவில் நிற்கிறார், மான் இந்தப் பக்கம் திரும்பினால் கையைத் தட்டி விரட்டு, அதுவரை பாறையில் அசையாமல் உட்கார்ந்திரு என்றேன். சரி மச்சான் என்று சுக்கின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவிராச்சனிடம், ஆட்கள் எல்லோரும் கிழக்கே இருக்கிறார்கள், மேற்கே யாரும் இல்லை என்றேன். இரண்டே பொய். பிறகு சுக்கின் கயிற்றை அவிழ்த்தேன்.

அது தலையைத் தூக்கவே இல்லை. மூக்கைத் தரையில் வைத்தபடி ஈத்தைக்குள் போனது. ஐந்து நிமிடம் கழித்துக் குரல் வந்தது. ஒரே இடத்திலிருந்து, விடாமல். அவிராச்சன் இரண்டு முழம் மேலே குறி வைத்தார். ஒரே குண்டு.

உள்ளே போனபோது அவன் பாறைக்குக் கீழே கிடந்தான். கூப்பிட்டால் கேட்காத நிலை. அவிராச்சன் தலையில் அடித்துக்கொண்டு, தெய்வமே தெய்வமே என்று உட்கார்ந்துவிட்டார். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வெளியே வரட்டும், உள்ளே இருக்கட்டும், அது உங்கள் வேலை. நான் நாயைப் பார்த்தேன். அது அவன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. அவன் வலதுகை திறந்திருந்தது. உள்ளே காகிதத்தில் சுருட்டிய கருவாடு. வேட்டைக்கு வந்த இடத்தில்கூட விதியை மீறி மடியில் கொண்டுவந்திருக்கிறான். நாய் வந்ததும் கொடுக்க எடுத்திருக்கிறான்.

ஓடைக்கரையில் எங்களுக்குப் பின்னால் நின்ற கூலிக்காரர்கள் இரண்டு பேர் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். நாய் வாலை ஆட்டிக்கொண்டேதான் ஈத்தைக்குள் போனது, உள்ளேயிருந்து செல்லதுரை, வந்துட்டியாடா, வந்துட்டியா என்று பேசியது லேசாகக் கேட்டது, சொல்வதற்குள் வெடித்துவிட்டது என்றார்கள். நாய் மனிதனை அடையாளம் தெரியாமல் குரைத்தது என்று எழுதியபோது இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வாலாட்டுவது இரையின் வாசம் பிடித்த நாய் செய்கிற வேலைதான். கருவாட்டை அது கடைசி வரை தொடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறர் கையில் தின்னாதே என்று பழக்கியது நான்.

இந்தக் காரியத்தில் பேச்சிக்குக் கஷ்டம்தான். தெரியாமல் செய்யவில்லை. அவளை என் வீட்டிலேயே வைத்துச் சாப்பாடு போடுகிறேன், ஒரு குறையும் வைக்கவில்லை. சுக்கும் எங்களோடுதான் இருக்கிறது. மலையிலிருந்து அதைப் பிரித்துக் கொண்டுவருவதற்குள் என் கையில் மூன்று இடத்தில் கடித்துவிட்டது. பிடித்த இரையிலிருந்து விலக்கினால் எந்த நல்ல நாயும் கடிக்கும்.

போன வாரம் நான் தோல்களும் கயிறும் வைத்திருக்கிற தகரப் பெட்டியைச் சுக்கு கீழே தள்ளித் திறந்துவிட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அது சிவப்புக் கட்டத் துண்டின் மேல் படுத்திருந்தது. பேச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். துண்டின் ஒரு முனை அவள் கையில் இருந்தது.

"இது உங்கிட்ட எப்படிண்ணே வந்துச்சு?" என்றாள்.

நான் கவிழ்ந்து கிடந்த பெட்டியை நிமிர்த்தி, கயிறுகளை எடுத்து உள்ளே வைத்தேன். அவள் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாயின் பேரைக் கெடுத்துத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். செல்லதுரையைக் கொன்றவன் நான். அவிராச்சன் துப்பாக்கியைப் பிடித்தார், அவ்வளவுதான். நாய் தன் வேலையைப் பிசகில்லாமல் செய்தது.

நம்பாவிட்டால் என் வீட்டுக்கு யாரையாவது அனுப்பிப் பாருங்கள். ஏழு நாளாகச் சுக்கு அந்தத் துண்டை விட்டு எழுந்திருக்கவில்லை. பேச்சி வாயருகே கொண்டுபோய் வைத்தால் ஒரு வாய் தின்கிறது. நான் ஈரல் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கிடைத்த இரையை விட்டு அசையக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்ததை அது இன்னும் மறக்கவில்லை.