மெர்னா அடைத்த தோட்டாக்கள்

"என் தோட்டா மேல பழி போடாத. உன் துப்பாக்கியக் கழுவி எத்தன நாளாச்சு?"

"நேத்துதான்டி கழுவினேன். மூணாவது சுடுறதுக்குள்ள தோட்டா உருளை சுத்தாம மாட்டிக்கிச்சு. போட்டியில மொத்த கிளப்பும் சிரிக்குது."

சுடுதளத்தில் மெர்னாவும் வெர்லினும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது, டெபுடி ஷெரிஃப் சார், நான் பக்கத்து மேசையில் மாவுக்குள் ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட பை பலகாரத்தை அறுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பை அருமையாக வந்திருந்தது.

எங்கள் மோன்டானாப் பக்கத்தில் ஒருவர் வீட்டில் கையால் மருந்து அடைத்த தோட்டாவை இன்னொருவர் சுடமாட்டார்; அளவு தப்பினால் கையே போய்விடும். பல் தேய்க்கும் பிரஷைக்கூட இரவல் வாங்குவார்கள், இதை வாங்கமாட்டார்கள். வெர்லினோ நிச்சயம் ஆன கையோடு, "இனிமே மெர்னா அடைச்சதுதான் எனக்கு" என்று கிளப்பில் அறிவித்தார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன். பதினோரு வருடமாக அடுத்த வீட்டிலிருந்து வேலிக்கு மேலே அவருக்குப் பை நீட்டியவள் நான்.

அதனால் மெர்னாவின் கராஜுக்கு ஒரு நடை போனேன். தோட்டாக் கூட்டின் வாயை நெரித்து ஈயக் குண்டைக் கவ்வ வைக்கும் அச்சு ஒன்று அங்கே உண்டு. அவள் காபி எடுக்க உள்ளே போனாள். அதை ஒரு சுற்று தளர்த்தினேன். அவ்வளவுதான். சுடுகிற உதைப்பில் மற்ற குண்டுகள் முன்னால் நழுவி மூக்கை நீட்டும், உருளை சுற்றாது.

நீட்டிய குண்டை வெர்லின் கோபத்தில், என்னவென்று பார்க்காமலே, அடித்து உள்ளே தள்ளிவிட்டார். பிறகு இருவரும் கரியைச் சுரண்டினார்கள், தோட்டாவின் பின்பக்கத்தை விரலால் தடவினார்கள். "சுட்ட கூட்டத் தள்ளுற கம்பி கழண்டிருக்கும், பாருங்க" என்றேன் நான். உடனே அதையும் பார்த்தார்கள். வேறொரு துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் தப்பு எதில் என்று தெரிந்திருக்கும். ஆனால் மெர்னா அடைத்ததை எவர் சுடுவார்?

"அக்கா, நீங்களே சொல்லுங்க. தப்பு என்னோடதா?" என்று மெர்னா என்னிடம் கேட்டாள்.

"உன் மனசு நோகுமேன்னு பாக்குறேன்" என்றேன்.

மோதிரத்தை என் பைத் தட்டில் எறிந்துவிட்டு நடந்தாள். சிரிப்பை அடக்க நான் குனிந்து காலணிக் கயிறு கட்டவேண்டியிருந்தது.

அக்டோபரில் வெர்லின் கடமான் வேட்டைக்குக் கிளம்பினார். வேலியோரம் வந்து, "துப்பாக்கிய நல்லா பழுது பாத்தாச்சு, ஆர்விலா. அவ அடைச்ச மிச்சத்தத்தான் கொண்டு போறேன். திரும்பி வந்து அவ கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துருவேன்" என்றார்.

மலையில் கரடி இறங்கியிருப்பது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தோட்டாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. "பத்திரமா போயிட்டு வாங்க" என்றேன்.

கரடி இரண்டு குண்டு வாங்கியது. மூன்றாவது வரவில்லை.

மெர்னா ஸ்போகேனுக்குக் குடிபோய் ஒரு பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டாள். ஜூன் மாதம் வெர்லின் என்னைக் கட்டிக்கொண்டார். பேச்சு போய்விட்டது, பாவம். பாதிரியார் சம்மதமா என்று கேட்டபோது தலையை ஆட்டினார். கரடி அடித்ததிலிருந்து அந்தத் தலை தானாகவே ஆடுகிறது என்கிறார் டாக்டர். மனதில் ஆசை இல்லாமலா, சார், அவ்வளவு நேரம் ஆடும்?