பாத்துச் செய், ரூசி

— கையப் புடிச்சு வளைக்காத லிதியா. நாம வளைச்சா அது நம்ம வேலை. உன் பையன் அவனாப் பாத்துச் செய்யணும்.

— எங்க பாக்குறான் உனாய்சி அக்கா? நீங்களும் போன மழைக்காலத்துலேருந்து கையத் தூக்கிக் காட்டுறீங்க, ஒத்தக்கால்ல நிக்கிறீங்க, முட்டி போடுறீங்க. இவன் ஃபேனையே பாத்துட்டிருக்கான்.

— பொறு, பொறு. ஆட்டிசம் இருக்குற பிள்ளைங்களுக்கு இது லேசுல வராது. ஒருத்தர் உடம்பு நிக்கிற மாதிரி தானும் நிக்க வந்துட்டா, சட்டை போடுறது, பல்லு விளக்குறது எல்லாத்தையும் அந்த வழியா உள்ள கொண்டாந்துடலாம். ரூசி, இங்க பாரு... இப்படிச் செய்.

— திரும்பக்கூட இல்ல பாருங்க. சினாய்ப் பாலைவனத்துல அமைதிப்படையில இருக்குற அவங்கப்பா போன் பண்ணும்போதெல்லாம் கேக்குறாரு, 'இன்னைக்கு ஏதாவது செஞ்சானா?'ன்னு. நான் என்னத்தச் சொல்ல?

— இரு, யாரோ கதவத் தட்டுறாங்க. யாருப்பா நீ? பிள்ளைக்குப் பயிற்சி நடக்குது.

— அக்கா, கதவச் சாத்துங்க! என் கொழுந்தன் வைசாகே. இவன் மூஞ்சில முழிக்கிறதில்லன்னு இருக்கேன்.

— அண்ணி, ஒரு நிமிஷம். சத்தியமா சண்டைக்கு வரல. வீட்டுக்கு வந்தா வெளக்குமாத்த எடுத்தீங்க. ஆஸ்பத்திரின்னா தொரத்த மாட்டீங்கன்னுதான் இங்க வந்தேன்.

— அந்தத் துணிக்குள்ள என்னது?

— திமிங்கலப் பல்லு, அண்ணி. நம்ம வழக்கப்படி இதக் குடுத்து முறையா மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்.

— பல்லக் கொண்டாந்துட்டா எல்லாம் ஆச்சா? அக்கா, இவன் பண்ணினதக் கேளுங்க. என் மாமனார் சாவுல ஊரே பாயில உக்காந்திருக்கு. உக்காந்தவங்க நடுவுல நிமிந்து நடக்கக் கூடாதுன்னு என் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எந்திரிச்சு நடந்துட்டான். இவன் அவன் பின்னாலயே போயி, குதிகால் தரையில படாம, ரெண்டு கையையும் படபடன்னு உதறிக்கிட்டு, என் பிள்ளை மாதிரியே நடந்து காட்டுறான்! பிணம் கிடக்குது, அத்தனை பேரும் சிரிக்கிறாங்க. வயிறு பத்தி எரிஞ்சுது அக்கா. இன்னும் அணையல.

— யங்கோனா வேர்ச்சாறு குடிச்சிருந்தேன் அண்ணி, அதான்...

— யங்கோனா குடிச்சவன் தூங்குவான்டா! எவனாவது எந்திரிச்சு ஆடுவானா? யாருகிட்ட கதை விடுற?

— தப்புத்தான். ஒத்துக்கிறேன்.

— ஏன் இப்ப வந்த? அதச் சொல்லு. சனிக்கிழமை துக்கம் எடுக்குற விருந்து. என் அண்ணன்மாரு வரலன்னா உங்க குடும்ப மானம் கப்பலேறும். அதானே?

— அதுவும்தான். கண்டவு தீவுக்குப் படகேறிப் போய் அவங்களப் பாத்தேன். 'எங்க தங்கச்சி கை பட்டாத்தான் இந்தப் பல்ல நாங்க தொடுவோம்'னுட்டாங்க.

— அடேயப்பா, என் கூடப் பிறந்தவங்கன்னா அவங்கதான்! அப்பக் கேட்டுக்கோ. நான் தொட மாட்டேன். விரிச்ச பாயெல்லாம் காலியாக் கிடக்கட்டும். சமைச்சது அப்படியே ஊசிப்போகட்டும். அன்னைக்குச் சிரிச்ச வாயெல்லாம் சனிக்கிழமை என்ன பண்ணுதுன்னு நான் தூரத்துல நின்னு பாக்கணும்.

— லிதியா, பொறு. பிள்ளை காதுல விழுது.

— விழட்டும் அக்கா, அவனுக்காகத்தானே பேசுறேன். இந்தா, இது என்ன கூத்து? எதுக்கு இப்ப முட்டி போடுற? எந்திரி!

— மாட்டேன் அண்ணி. நீங்க வாங்குற வரைக்கும் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு இப்படியே இருப்பேன்.

— ஊரு முன்னால சிரிச்சுட்டு, யாரும் இல்லாத ரூமுக்குள்ள வந்து மண்டி போடுறியா? உன் நடிப்புக்கு நான் ஆள் இல்ல. எந்திரிச்சு வெளிய போடா!

— லிதியா...

— நீங்க குறுக்க வராதீங்க அக்கா. போறியா, காவலாளியக் கூப்பிடவா?

— போறேன் அண்ணி. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்.

— ரெண்டு பேரும் வாய மூடுங்க! லிதியா, மெதுவாத் திரும்பு. சத்தம் போடாத.

— என்னக்கா?

— ரூசி ஃபேனப் பாக்கல. வைசாகேக்குப் பக்கத்துல வந்து அவனும் முட்டி போட்டிருக்கான். கையையும் நீட்டியிருக்கான், அதே மாதிரி. நான் வாயத் திறக்கல, அவனத் தொடக்கூட இல்ல.

— கர்த்தாவே... என் பிள்ளையா? இவனப் பாத்தா? இத்தனை பேர் இருக்க இவனப் பாத்தா செய்யணும்?

— உனக்குப் பிடிச்சவங்களத்தான் பாப்பான்னு சட்டமா இருக்கு? செஞ்சுட்டான், லிதியா. அவனாச் செஞ்சுட்டான்.

— தப்புப் பண்ணினவன் இவன், என் முன்னால மண்டி போடுறது என் பிள்ளையா?

— ஐயோ, ரூசி எதுக்கு அண்ணி மண்டி போடணும்? நான் எந்திரிச்சுப் போயிடறேன், இப்பவே போயி...

— எந்திரிச்ச, கொன்னுடுவேன்! அசையாத. உன்ன நான் மன்னிக்கல, அது வேற... கைய இன்னும் கொஞ்சம் மேல தூக்கு, வைசாகே. அவனும் தூக்குறானான்னு பாக்கணும்.