மூப்பு வேண்டாமென்று ஒரு மனு

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர், ஊர்ப் பெரியவர் நெய்னா முகம்மது அவர்களே! பதினெட்டு ஆண்டுகள் என் பிழைகளைப் பொறுத்தருளிய தலைமையாசிரியர் அவர்களே! கடற்கரையில் வலையைக் காயவிட்டு இங்கே வந்திருக்கும் புதுமடத்துப் பெரியோர்களே! பந்தலில் இடமின்றிப் பள்ளிச் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே! நான் எப்போது முடிப்பேன், மிட்டாய் எப்போது வரும் என்று முன்வரிசையில் காத்திருக்கும் என் பெண் குழந்தைகளே! அனைவருக்கும் வணக்கம்; அஸ்ஸலாமு அலைக்கும்!

மாறுதலாகிப் போகும் வாத்தியார் மேடையில் அழ வேண்டும். அதுதான் வழக்கம். இந்தச் சந்தியாகுவுக்கோ காலையிலிருந்து சிரிப்பு! சட்டையை மாட்டினேன், சிரிப்பு. செருப்பைத் தேடினேன், சிரிப்பு. என்ன அங்கே குரல்? "கொஞ்சமாச்சும் அழுங்க சார்" என்கிறீர்களா? முயன்று பார்க்கிறேன் தாயே, வந்தால் அழுகிறேன்!

சுதந்திரம் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அதில் ஒன்பது ஆண்டுகள் இந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? ஐந்து பேர்! இரண்டாண்டுக்கு முன் கீழக்கரையிலிருந்து மெஹருன்னிசா டீச்சர் வந்தார். வீடு வீடாகப் போனார். கதவைத் தட்டினார், காத்து நின்றார், கஞ்சி குடித்தார், கையோடு அழைத்து வந்தார். இன்று நாற்பத்தொரு பெண்கள்! நாற்பத்தொரு பலகை, நாற்பத்தொரு குரல், நாற்பத்தொரு சண்டை!

பையன்கள்தான் குறைந்துபோனார்கள். கடலுக்குப் போனவன் பாதி, கடைக்குப் போனவன் மீதி. அதனால் போன மாதம் உத்தரவு வந்தது. ஐந்து ஆசிரியர் இடத்தில் ஒன்று ரத்து. கடைசியாகச் சேர்ந்தவர் உபரி. அவர் திருவாடானை ரேஞ்சில், அதாவது வேறு கல்வி வட்டாரத்தில், காரங்காட்டுக்கு அப்பால் ஒரு குப்பத்து ஓராசிரியர் பள்ளிக்குப் போக வேண்டும்.

இந்த விதியை நான் பழிக்க மாட்டேன். விதி இல்லாத காலத்தில் யார் நிலைத்தார்? ஆள் பலம் உள்ளவர் நிலைத்தார்! யார் போனார்? நாதியற்றவர் போனார்! முன்னால் பணியில் சேர்ந்தவர் முந்தி என்னும் மூப்பு வரிசை எங்களுக்குக் கிடைத்த வேலி. ஆனால் அந்த வேலி அன்று யாரை வெளியே நிறுத்தியது? மெஹருன்னிசா டீச்சரை!

உத்தரவைப் படித்தார், மடித்தார். "நாளைக்கே கெளம்புறேன் சார். புள்ளைகள்ட்ட மட்டும் சொல்லிராதீக" என்றார்.

சொல்லாமல் இருக்குமா ஊர்? மறுநாள் காலை, அதோ நிற்கிறாரே உம்மு ஹபீபா, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். "டீச்சர் இருக்காகன்னுதான் இவள அனுப்பினேன். அவுக போனா இவ வீட்டுலதான் இருப்பா" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் பதினாறு தாய்மார்கள்!

உச்சிப்புளியில் ரயிலேறி ராமநாதபுரம் கல்வி ஆபீசுக்குப் போனேன். டீச்சருக்குப் பதில் என்னை அனுப்புங்கள் என்றேன். குமாஸ்தா பொன்னுச்சாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்டுல சண்டையா சார்?"

"இல்லய்யா."

"அந்தப் பக்கம் நெலம் நீச்சு ஏதும்?"

"இல்லய்யா."

"அப்ப ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?"

சிரிக்காதீர்கள்! நல்ல மனிதர் அவர். உள்ளதைச் சொன்னார்: "சொந்த விருப்பத்துல ரேஞ்சு மாறுனா பதினெட்டு வருச மூப்பும் போயிரும். வார வருசம் ஹெட்மாஸ்டர் நாற்காலி ஒங்களுக்குத்தான். அதுவும் போயிரும். யோசிச்சு வாங்க."

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனு எழுதக் கொண்டுபோன காகிதத்தை மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

என் மனைவி யாகப்பம்மாள் கேட்டாள், முகம் வாடினாள். "ஹெட்மாஸ்டர் பொஞ்சாதி ஆகப்போறேன்னு ஊரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே!" என்றாள். மீனை அலசினாள், அரிந்தாள், புளியைக் கரைத்தாள். குழம்பு கொதித்த பிறகு சொன்னாள்: "நாப்பத்தோரு புள்ளைகளும் வீட்டுக்குள்ள கெடந்தா, அந்த நாற்காலியில ஒக்காந்து நீங்க என்னத்தப் பாப்பீக? எழுதிக் குடுத்துட்டு வாங்க."

கைதட்டல் எனக்கு வேண்டாம், அவள் நிற்கும் அந்தச் சுவரோரம் திரும்பித் தட்டுங்கள்!

மறுநாள் மனுவை நீட்டினேன். குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். மேசைமேல் இன்னொரு மனு! "நானே இளையவள். சார் மூப்பு சாருக்கே இருக்கட்டும். என்னை உடனே அனுப்புங்கள்" என்று, என் எண்ணம் காதுக்கு எட்டி டீச்சர் எழுதியது! எழுதியவரும் அங்கேயே நிற்கிறார்! சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

"முப்பது வருசமா 'நான் முந்தி, நான் முந்தி'ன்னுதான் சண்டை பாத்திருக்கேன். 'நான் பிந்தி'ன்னு சண்டை போடுறத இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். பிறகு டீச்சரிடம் மெல்லக் கேட்டார்: "நீங்க போனா அந்தப் பொம்பளப் புள்ளைக பள்ளிக்கூடம் வருமாம்மா?"

பொய் சொல்லத் தெரியாதவர் டீச்சர். தலைகுனிந்தார். கண்ணீர் சொட்டியது. இன்ஸ்பெக்டர் என் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் டீச்சர், "இத எப்படி சார் நான் ஈடுகட்டுவேன்?" என்றார். "ஒரு புள்ளையும் நிக்காமப் பாத்துக்கங்க டீச்சர், அது போதும்" என்றேன். அன்று தொடங்கியது ஐயா இந்தச் சிரிப்பு!

திருவாடானை ரேஞ்சில் நான் கடைக்குட்டி. நேற்றுப் பயிற்சி முடித்த பையன்கூட எனக்கு மூத்தவன்! ஆனால் அந்தப் பள்ளியில் யார் யார் ஆசிரியர்? நான்! தலைமையாசிரியர் யார்? நானே! அடியும் நானே, முடியும் நானே! ஹெட்மாஸ்டர் பொஞ்சாதி என்று ஊரெங்கும் சொன்னாயே யாகப்பம்மா, உன் வாக்குப் பலித்துவிட்டது!

கடைசியாக ஒரு செய்தி. நேற்று அந்தக் குப்பத்திலிருந்து உப்பு வண்டிக்காரர் ஒருவர் வந்தார். ஓராண்டாகப் பூட்டிக் கிடந்த பள்ளியைத் தாய்மார்கள் திறந்து கூட்டி வைத்திருக்கிறார்களாம். வாத்தியார் வருகிறார் என்று கேட்டதும் இருபத்தாறு பிள்ளைகள் உள்ளே போய் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்களாம். இன்று வருவார், நாளை வருவார் என்று நான்கு நாட்களாகக் காலையில் வந்து மாலைவரை உட்கார்ந்திருக்கிறார்களாம்!

பெரியோர்களே, ஆசிரியரில்லாத வகுப்பில் நான்கு நாள் அடங்கி உட்கார்ந்த பிள்ளைகளை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா? அவர்களை இன்னும் ஒரு நாள் காக்க வைக்கலாமா? கூடாது! இதோ, கழுத்தில் நீங்கள் போட்ட இந்த மாலையோடே வண்டி ஏறுகிறேன்.

சோறிட்ட கைகளுக்கும் பிள்ளைகளை நம்பித் தந்த நெஞ்சங்களுக்கும் என் நன்றி. புதுமடமே, உனக்கு என் வணக்கம். வழியை விடுங்கள், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்!