வாசல் அடைபடும்வரை வாய் திறவாதவருக்கு

மார்த்தாண்டத்து ரப்பர் வணிகத்தின் மாண்பே! எங்கள் கணினிகளைக் கண்ணுறங்காது காத்த காவலரே! கடுஞ்சொல் அறியாக் கனிவாளரே! இன்று பணி நிறைவு பெறும் சுயம்பு ஐயா அவர்களே, வணக்கம்!

அந்த நண்பகலை எப்படி மறப்போம்? கணக்குப் பிரிவின் சபிதா சோற்றுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருக்க, அவர் கை படாத கணினியில் அம்புக்குறி தானே நகர்ந்தது. கொள்முதல் விலைகளைத் திறந்தது; யாரோ வாசித்து முடிக்கும் நேரம் அசையாது நின்றது; பின் மூடியது. ஓடிவந்து இணைய வயரைப் பிடுங்கியவர் தாங்களே.

பலநாள் துருவி, இணைய உலாவியில் ஓர் ஓட்டையைக் கண்டீர்கள். படைத்தவர்களே அறியாத ஓட்டை. ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும், முகமறியா ஒருவர் உள்ளே வந்து அமர்ந்துவிடுவார். படைத்த நிறுவனத்துக்கு எழுதினீர்கள். அடைக்கும் முன் வெளியே சொன்னால் திருடர்க்கெல்லாம் வழிகாட்டியதாகும் என்றார்கள். மௌனம் காப்பதாக வாக்களித்தீர்கள். எங்களிடமோ, அந்த உலாவியைத் தொடாதீர்கள் என்று மட்டுமே சொன்னீர்கள்.

காரணம் அறியாத நாங்கள் என்ன செய்தோம்! “சாருக்கு ஓய்வு நெருங்குதுல்லா, அதான் இந்தக் கூத்து” என்று எங்களுள் அஜின் கேலி பேசினார். சபிதா தம் கணினியில் எலுமிச்சம்பழம் கட்டினார். பேய், மந்திரம் எதையும் ஏற்காத அய்யாவழியில் நிற்கும் தாங்கள் அதைக் கண்டு நகைத்தீர்கள்.

“சாரே, உள்ளதச் சொல்லும். பேயா?” என்று கேட்டார் சபிதா.

“பேயின்னா பேரு சொல்லி விரட்டலாம் மக்கா. இதுக்குப் பேரு சொன்னா கூடுதலா வரும்.”

அந்நிறுவனத்தின் திருத்தம் வெளியாகி ஓட்டை அடைபட்ட பிறகே அனைத்தையும் விளக்கினீர்கள். நாணித் தலைகுனிந்தோம், பழத்தைச் சபிதாவே அவிழ்த்தார்.

ஐயா! இன்று காலை நாங்கள் விழாவுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருக்கையில், தாங்கள் மேசை மேசையாகச் சென்று இணைய வயர்கள் அத்தனையையும் கழற்றிச் சுருட்டி வைத்தீர்கள். “சாரே, மறுபடியுமா?” என்றார் அஜின். தாங்கள் மறுமொழி சொல்லவில்லை. இம்முறை நகைக்கவும் இல்லை. அறை முழுக்க நாங்கள் இருந்தும், யாரோ ஒருவர் கூடுதலாய் இருப்பதுபோல் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

ஆகவே இம்மடலைக் கணினியில் தட்டி அச்சிடவில்லை. கையால் எழுதிச் சட்டமிட்டோம்.

நோயணுகாத உடலும் நிறைவு குன்றாத உள்ளமும் பெற்று, தாங்கள் குடும்பத்தோடு நெடுநாள் வாழ்க! தாங்கள் சொல்லும் நாள்வரை அவ்வயர்கள் சுருண்டே கிடக்கும். என்னவென்று இனி நாங்கள் கேட்க மாட்டோம்.

தங்கள் மௌனத்தை இன்று ஏற்றுக்கொள்ளும்
அலுவலகத் தோழமையினர்,
மார்த்தாண்டம்.